பிக்கப் டிரக்கும் நாலு ஷாக்கும்: ஒரு சூடான வரலாறு

முதல்ல பேர்லயே ஒரு குழப்பம் இருக்கு. ஷாக் அப்சார்பர் ஷாக்கை வாங்குவதில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கியதை அது அப்படியே திருப்பிக் கொடுக்கும். கொடுத்த வேகத்தில் வண்டி மேலே போகும், மறுபடி கீழே வரும், மறுபடி ஸ்பிரிங் வாங்கும். யாரும் தடுக்காவிட்டால் ஊஞ்சல் மாதிரி ரொம்ப நேரம் ஆடும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் நாம் ஷாக் என்று சொல்லும் பொருளின் வேலை. பிரிட்டிஷ்காரர்கள் இதை டேம்பர் என்பார்கள், அதுதான் சரியான பேர். ஆனா அமெரிக்காவில் ஷாக் என்றே நிலைத்துவிட்டது, நம்ம ஊர் மெக்கானிக் கடையிலும் அதுவே, நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆட்டத்தை நிறுத்துவது என்றால் என்ன? இயக்க ஆற்றல் எங்கேயாவது போகணும். ஷாக்கில் அது வெப்பமாகப் போகிறது. ஒரு சின்னக் கணக்கு: ஷாக்கின் தண்டு நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகர்கிறது, அதை 150 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஷாக் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் அது வெளியேற்றும் சக்தி சுமார் 750 வாட். வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டி அளவு. தார் ரோட்டில் இது எப்போதாவது ஒரு கணம். வரிவரியாக அலை விழுந்த மண்ரோட்டில் வேகமாகப் போனால் விடாமல் நடக்கும், நாலு சக்கரத்திலும்.

இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் கடந்த 120 வருஷ ஷாக் வரலாறு முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: இந்தச் சூட்டை என்ன செய்வது? இன்றைக்கு அமெரிக்காவில் ஒரு பிக்கப் டிரக் வைத்திருப்பவர் ஷாக் மாத்தலாம் என்று தேடினால் கண்ணைக் கட்டி விடுகிற மாதிரி ட்வின் ட்யூப், மோனோட்யூப், ரிசர்வாயர், பைபாஸ் என்று பட்டியல் வரும். அது வெறும் விலைப்பட்டியல் இல்லை. ஒவ்வொரு பேரும் ஒவ்வொரு காலகட்டத்தில் யாரோ ஒருவர் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்.

குதிரை வண்டிக் காலத்தில் தனியாக ஷாக் கிடையாது. தேவையும் பெரிதாக இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டை ஸ்பிரிங்கில், பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே கொஞ்சம் ஆட்டத்தைக் குறைத்துவிடும். குதிரையின் வேகத்துக்கு அது போதும். கார் வந்து வேகம் கூடியதும் போதவில்லை. பிரான்சில் ட்ரூஃபோ என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கைகளை இணைத்து, இணைப்பில் உராய்வுத் தட்டுகளை வைத்து ஒரு கருவி செய்தார். எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் அதன் உரிமையை வாங்கி, ட்ரூஃபோ-ஹார்ட்ஃபோர்ட் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றார். நடுவில் இருக்கும் நட்டை முடுக்கினால் கெட்டி, தளர்த்தினால் இளக்கம். அட்ஜஸ்டபிள் ஷாக் என்று இன்று கூடுதல் காசு வாங்குகிறார்களே, அது முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது!

உராய்வுக் கருவியில் ஒரு அடிப்படைக் கோளாறு உண்டு. சின்ன மேடானாலும் பெரிய பள்ளமானாலும் அது ஏறக்குறைய ஒரே விசையில்தான் தடுக்கும். சின்ன மேட்டில் அசையவே அசையாது, பிடித்துக்கொள்ளும். பெரிய பள்ளத்தில் போதாது. நமக்கு வேண்டியது இதற்கு நேரெதிர்: மெதுவாக அசைந்தால் கொஞ்சமாகத் தடுக்கணும், வேகமாக அசைந்தால் பலமாகத் தடுக்கணும். அதைத் தானாகவே செய்யக்கூடியது, சின்ன ஓட்டை வழியாகத் தள்ளப்படும் திரவம்.

திரவத்துக்குப் போகும் முன் ஒரு கிளைக்கதை. கிளீவ்லாந்தில் கிளாட் ஃபாஸ்டர் என்று ஒருவர். என்ஜின் புகையால் ஊதப்படும் கார் ஹார்ன் ஒன்றைச் செய்து, எக்காளம் ஊதும் தேவதூதன் பெயரால் அதற்கு கேப்ரியல் என்று பேர் வைத்தார். அப்புறம் அதே பேரில் ஸ்னப்பர் என்று ஒன்று. சுருளாகச் சுற்றிய பெல்ட், உள்ளே ஸ்பிரிங். சக்கரம் மேலே வரும்போது பெல்ட் தளர்வைச் சுருட்டிக்கொள்ளும், திரும்பிக் கீழே போகும்போது உரசிப் பிடிக்கும். அதாவது ஒரு திசையில் மட்டும் வேலை. கோடிக்கணக்கில் சம்பாதித்தவர், 1952ல் ஒரு விருந்துக்குக் கூப்பிட்டு தன் சொத்தில் பெரும்பகுதியை ஊரிலுள்ள கல்வி, அற நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டார். நம்ம ஊர் பைக்குகளிலும் ஆட்டோக்களிலும் கேப்ரியல் என்ற பேரைப் பார்த்திருப்பீர்கள். ஓசூரில்கூட அவர்களுக்குத் தொழிற்சாலை உண்டு. 1961ல் ஆரம்பித்த கேப்ரியல் இந்தியாவின் பேருக்கு மூலம் அந்த ஹார்ன்தான்.

சரி, திரவம். மோரிஸ் ஹூடாய் என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது வட்டமான ஒரு டப்பா. உள்ளே திரவம், அதில் சுழலும் இறக்கை, வெளியே ஒரு கை. கை ஆட ஆட, இறக்கை திரவத்தைச் சின்ன வழியில் தள்ளும். 1927 கடைசியில் ஃபோர்டின் மாடல் ஏ வந்தபோது நாலு சக்கரத்துக்கும் இந்த வகை ஷாக் இருந்தது. உள்ளே ஊற்றியது எண்ணெய்கூட இல்லை, கிளிசரின். அதற்கு முந்தைய மாடல் டி-யில் ஷாக்கே கிடையாது. ஒன்றரைக் கோடி வண்டிகள், ஷாக் இல்லாமல்! இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஃபோர்டு தன் தொழிற்சாலையிலேயே கட்டி விற்ற முதல் பிக்கப், 1925 ஏப்ரலில் 281 டாலருக்கு வந்த மாடல் டி ரன்அபௌட், அதே சேஸிஸ்தான். ஆக பிக்கப் டிரக் பிறந்தபோது அதற்கு ஷாக் இல்லை. வேண்டுமென்றால் வெளியே வாங்கி மாட்டிக்கொள்ளணும். அப்கிரேட் ஷாக் என்ற வியாபாரம் பிக்கப்போடு கூடவே பிறந்தது என்றே சொல்லலாம்.

(ஹூடாய் பேரில் அமெரிக்காவில் வளர்ந்த கம்பெனிக்கு ஒரு வினோதமான பின்கதை உண்டு. கடன் வாங்கிக் கம்பெனியை வளைத்துப்போடும் வால் ஸ்ட்ரீட் வித்தையில் முதல் பெரிய உதாரணமாக வணிகவியல் புத்தகங்கள் சொல்வது 1979ல் கேகேஆர் வாங்கிய ஹூடாய் இண்டஸ்ட்ரீஸைத்தான். ஷாக்கில் ஆரம்பித்து எங்கே போய் நின்றிருக்கிறது பாருங்க.)

1930களில் கை, டப்பா எல்லாம் போய் நேராக ஒரு குழாய் வந்தது. இன்று நாம் பார்க்கும் வடிவம். இதைப் பரப்பியதில் மன்ரோவுக்குப் பெரிய பங்கு. மிச்சிகனில் மன்ரோ என்ற ஊரில் 1916ல் டயருக்குக் காத்தடிக்கும் பம்ப் செய்து ஆரம்பித்த கம்பெனி அது. பம்புக்கும் ஷாக்குக்கும் உள்ளே பெரிய வித்தியாசம் இல்லை என்பதை யோசித்தால் ஆச்சரியமில்லை, இரண்டுமே குழாய்க்குள் போய்வரும் பிஸ்டன்தான்.

ஆனா இந்தக் குழாயில் ஒரு சங்கடம். தண்டு உள்ளே வரும்போது அது அடைக்கும் இடத்துக்குச் சமமான எண்ணெய் எங்கேயாவது போயாகணும், எண்ணெயை நசுக்க முடியாது. அதனால் குழாயைச் சுற்றி இன்னொரு குழாய். உள்குழாயில் பிஸ்டன், வெளிக்குழாயில் உபரி எண்ணெயும் கொஞ்சம் காற்றும். இதுதான் ட்வின் ட்யூப். செய்வது சுலபம், விலை குறைவு, வெளியே கல் பட்டு நசுங்கினாலும் உள்குழாய் தப்பித்துவிடும், சவாரி மென்மையாக இருக்கும். இன்றும் உலகத்தில் பெரும்பாலான வண்டிகளில் இதுதான் இருக்கு, சும்மா இல்லை.

பலவீனம் இரண்டு. எண்ணெயும் காற்றும் ஒரே இடத்தில். குலுக்கக் குலுக்க நுரைக்கும். பில்டர் காபி ஆற்றுவதைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நுரை ஓட்டை வழியாகச் சுலபமாக ஓடிவிடும், தடுக்காது. இரண்டாவது, வேலை செய்யும் எண்ணெய் உள்குழாயில் இருக்கிறது, அதைச் சுற்றி இன்னொரு எண்ணெய்ப் போர்வை. சூடு வெளியே போக வழி நீளம். சூடான எண்ணெய் நீர்த்துப்போகும், தடுப்பு குறையும். இதற்கு ஃபேட் என்று பேர். பின்னாளில் காற்றுக்குப் பதில் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்தும், வாயு நிரப்பிய பிளாஸ்டிக் பையை உள்ளே வைத்தும் முதல் பலவீனத்தை ஓரளவு சரிக்கட்டினார்கள். கடையில் கேஸ் ஷாக் என்று விற்பதில் பெரும்பகுதி இந்த நைட்ரஜன் போட்ட ட்வின் ட்யூப்தான். கேஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மோனோட்யூப் என்று நினைத்துவிடக்கூடாது.

மோனோட்யூப் வேறு பரம்பரை. பிரான்சில் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன் என்ற பொறியியல் அறிஞர் இரண்டாவது குழாயையே தூக்கிவிட்டார். ஒரே குழாய். அதன் கடைசியில் அதிக அழுத்தத்தில் நைட்ரஜன், நடுவில் மிதக்கும் ஒரு பிஸ்டன், இந்தப் பக்கம் எண்ணெய். வாயுவும் எண்ணெயும் பார்த்துக்கொள்ளவே முடியாது, நுரைக்கும் பேச்சே இல்லை. எப்போதும் அழுத்தத்தில் இருப்பதால் எண்ணெயில் குமிழி உண்டாவதும் அரிது. வேலை செய்யும் எண்ணெய்க்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு உலோகச் சுவர், சூடு நேராக வெளியே. ஜெர்மனியில் ஜன்னல் சாமான்கள் செய்வதற்காக 1873ல் ஆரம்பிக்கப்பட்டு, பிறகு பம்பர், ஜாக்கி என்று போய்க்கொண்டிருந்த பில்ஸ்டீன் 1950களில் இவருடைய யோசனையை எடுத்துக்கொண்டு மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குத் தயாரித்துக் கொடுத்தது. 

எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். எண்ணெயும் காற்றும் கலக்கிறது என்ற பிரச்சினையை எல்லாரும் கலப்பதைக் குறைக்க முயற்சி செய்து தீர்க்கப் பார்த்தார்கள். இவர் நடுவில் சுவர் எழுப்பிவிட்டார், அவ்ளோதான். சாஃப்ட்வேரில் வருஷக்கணக்காக பேட்ச் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு கோளாறை, டிசைனை மாற்றி ஒருவர் இல்லாமலே ஆக்குவது போல.

விலையும் உண்டு. ஒரே குழாய் என்பதால் வெளியே பலமாக நசுங்கினால் பிஸ்டன் மாட்டிக்கொண்டு கதை முடிந்தது. அழுத்தம் அதிகம் என்பதால் சீல் நல்லதாக இருக்கணும். வாயுவும் எண்ணெயும் ஒரே வரிசையில் இருப்பதால் அதே நீளக் குழாயில் தண்டு போய்வரும் தூரம் குறையும்.

இந்தக் கடைசிக் குறை பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது ஒரு பாலைவனத்தில். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பம். 1962ல் டேவ் எகின்ஸ் என்பவரும் ஒரு கூட்டாளியும் ஹோண்டா பைக்குகளில் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை ஓட்டினார்கள். எகின்ஸுக்கு ஆன நேரம் 40 மணிக்கு 4 நிமிஷம் குறைவு. 1967ல் அது முறையான பந்தயமாகி மெக்சிகன் 1000 என்று நடந்தது. பின்னாளில் பாஹா 1000. முதல் வருஷம் ஜெயித்தது மேயர்ஸ் மேன்க்ஸ் என்ற, ஃபோக்ஸ்வேகன் அடித்தளத்தில் கட்டிய குட்டி பக்கி, 27 மணி 38 நிமிஷத்தில். 1971லும் 72லும் பார்னெல்லி ஜோன்ஸ் ஃபோர்டு ப்ராங்கோவில் ஜெயித்தார். 1979ல் வாக்கர் எவன்ஸ் பிக்கப் டிரக்கில் ஒட்டுமொத்த முதலிடம் வாங்கினார். கனமான, பின்னாடி காலியான ஒரு சுமை வண்டி பாலைவனத்தில் ஜெயிக்கும் என்பதை அதுவரை பலர் நம்பவில்லை.

அந்தக் காலத்துப் பந்தய டிரக்குகளின் படங்களைப் பார்த்தால் ஒரு சக்கரத்துக்கு இரண்டு, மூன்று, நாலு ஷாக்குகள்கூட வரிசையாக மாட்டியிருக்கும். ஒரு ஷாக் சூடேறி அரை மணியில் செத்துவிடும், அதனால் சூட்டைப் பல ஷாக்குகளுக்குப் பங்கு போட்டார்கள். முரட்டுத்தனமான தீர்வுதான், ஆனா தப்பில்லாத தீர்வு. எண்ணெய் அதிகம், வெப்பம் வெளியேறும் பரப்பு அதிகம். இதைப் பார்த்துவிட்டு 1980களில் ஊருக்குள் ஓட்டும் பிக்கப்புகளிலும் மஞ்சள், சிவப்பு ரப்பர் உறை போட்ட ஷாக்குகளை இரண்டிரண்டாக மாட்டி அழகு பார்த்தார்கள். ரோட்டில் அதனால் கிடைத்தது பெரும்பாலும் கட்டை வண்டிச் சவாரி.

நல்ல தீர்வு மோட்டார் சைக்கிள் பக்கமிருந்து வந்தது. 1970களின் நடுவில் மோட்டோகிராஸ் பைக்குகளின் சஸ்பென்ஷன் பயணத்தூரம் கிடுகிடுவென்று கூடியது. 1973ல் யமஹா பின்னால் ஒரே ஒரு ஷாக் வைத்த பைக்கைப் பந்தயத்தில் இறக்கியது. 1974ல் கலிஃபோர்னியாவில் பாப் ஃபாக்ஸ் மோட்டோகிராஸ் ஷாக்குகளில் இறங்கினார், இன்றைய ஃபாக்ஸ் கம்பெனியின் தொடக்கம். வாயுவையும் மிதக்கும் பிஸ்டனையும் தனி டப்பாவுக்குள் வைத்து, ஹோஸ் போட்டு இணைத்தால் குழாய் முழுவதும் தண்டின் பயணத்துக்கே கிடைக்கும், எண்ணெயும் கூடும். இதுதான் ரிசர்வாயர். பிறகு பைபாஸ்: குழாயின் பக்கவாட்டில் தனி வழிகள். தண்டு நடுப்பகுதியில் இருக்கும்போது எண்ணெய் அந்த வழியாகச் சுற்றிப் போய்விடும், சவாரி இளக்கம். கடைசிக்கு வரும்போது வழி அடைபடும், பலமாகப் பிடிக்கும். எவ்வளவு வேகம் என்பதோடு எந்த இடத்தில் என்பதையும் ஷாக் கவனிக்கிறது.

இது ஏதோ பந்தயக்காரர்களின் ரகசியம் என்று நினைக்க வேண்டாம். 1990களில் மன்ரோ சாதாரணக் கார்களுக்கு விற்ற சென்சா-ட்ராக் ஷாக்கில் உள்குழாயின் சுவரில் பள்ளக் கோடு ஒன்று வெட்டியிருந்தார்கள். நடுப்பகுதியில் எண்ணெய் அதன் வழியே கசியும். இதே யோசனை, மலிவு விலையில்!

2010 மாடலாக ஃபோர்டு எஃப்-150 ராப்டர் வந்தபோது பைபாஸை குழாய்க்குள்ளேயே அடக்கிய ஃபாக்ஸ் ஷாக்குகளோடு, முன்னும் பின்னும் 11 அங்குலத்துக்கு மேல் பயணத்தூரத்தோடு, ஷோரூமிலேயே கிடைத்தது. 2017 செவர்லே கொலராடோ இசட்ஆர்2-வில் மல்டிமேட்டிக்கின் ஸ்பூல் வால்வு ஷாக் வந்தது. 2019ல் ராப்டரில் ஓடும்போதே தானாக மாறும் எலக்ட்ரானிக் வால்வு. கலிஃபோர்னியாப் பட்டறைகளில் கையால் கடைந்து செய்தது தவணையில் வாங்கும் பொருளாகிவிட்டது.

இங்கேதான் என் சந்தேகம் ஆரம்பிக்கிறது. இந்த முழு வரிசையும், ரிசர்வாயர், பைபாஸ், எல்லாமே, காலியான டிரக் பாலைவனத்தில் வேகமாகப் போவதற்காக வளர்ந்தது. முதல் ராப்டர் சுமக்கக்கூடிய எடை சுமார் 1,000 பவுண்டு. அதே காலத்துச் சாதாரண எஃப்-150 சில அமைப்புகளில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சுமக்கும். ஊரிலேயே உசத்தியான ஷாக் போட்ட பிக்கப்தான் குறைவாகச் சுமக்கும் பிக்கப். ஆனா ஷாக் வாங்கக் கடைக்குப் போகும் பெரும்பாலானவர்களின் பிரச்சினை பாலைவனம் இல்லை, சுமை.

நான் இதையெல்லாம் நோண்ட ஆரம்பித்ததே டெக்சஸில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவனால்தான். வாரக் கடைசிக்கு என்று கொஞ்சம் நிலம், ஆடு, கோழி, பழைய எஃப்-150 ஒன்று. ஒருநாள் தீவன மூட்டை, வேலிக் கம்பி எல்லாம் ஏற்றிக்கொண்டு, பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளோடு வரும்போது, ஒரு பாலத்தின் வளைவில் வரிசையாக இருந்த கான்கிரீட் இணைப்புகளில் வண்டியின் பின்பக்கம் குதித்துக் குதித்து பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. பக்கத்து லேனில் யாரும் இல்லை. அன்று ராத்திரி போன் பண்ணினான். பக்கத்தில் ஒரு கடையில் ரிசர்வாயர் வைத்த செட் ஒன்றை, வேலைக்கூலியோடு 2,500 டாலருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "மாட்டிரலாமாடா?" என்றான்.

ஸ்பிரிங், எடை, ஷாக் மூன்றுக்கும் உள்ள உறவு பி.இ. இரண்டாம் வருஷப் பாடம். ஷாக் எவ்வளவு சீக்கிரம் ஆட்டத்தை அடக்கும் என்பது எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பின்பக்க எடை இரண்டு மடங்கானால், அதே ஷாக்கின் அடக்கும் விகிதம் 71 சதவீதமாகக் குறையும். காலி வண்டிக்குக் கச்சிதமாக இருந்த ஷாக், சுமை வண்டிக்கு ஏற்கெனவே கொஞ்சம் கிழடு. அது நிஜமாகவே கிழடாகவும் இருந்துவிட்டால் நண்பனுக்கு நடந்தது நடக்கும். டயர் தரையை விட்டு ஒரு கணம் எழும்பினால் அந்தக் கணம் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. காரில் இந்த வித்தியாசம் பெரிதாக வராது, நாலு பேர் ஏறினாலும் எடை இரண்டு மடங்காவதில்லை. பிக்கப்பின் பின் அச்சுக்கு அது தினசரி நிகழ்ச்சி. ஒரே ஷாக் இரண்டு வண்டிகளுக்கு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

அவனிடம் முதலில் பார்க்கச் சொன்னது ஷாக்கை இல்லை, டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை. வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று அதில் இருக்கும், ஆட்கள் எடையும் சேர்த்து. எந்த ஷாக் மாட்டினாலும் அந்த எண் மாறாது. ஷாக் எடையைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங்தான் தாங்குகிறது. இந்தக் குழப்பத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு: சுருள் ஸ்பிரிங் சுற்றிய லோட் லெவலர் ஷாக், காற்றடைத்த ஏர் ஷாக் என்று எடையையும் கொஞ்சம் தாங்கும் கலப்புப் பிறவிகள் ஒரு காலத்தில் அமெரிக்காவில் நன்றாக விற்றன. 1970களில் காரின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்ட இளைஞர்கள் ஏர் ஷாக் மாட்டுவார்கள். அந்த ஞாபகத்தில், ஷாக் மாத்தினா பின்பக்கம் தொங்காது என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஷாக் மாட்டும் கொக்கிகள் அந்த எடைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தொங்கினால் பட்டை சேர்க்கணும், இல்லை சுமையைக் குறைக்கணும்.

அவன் எடை போட்டுப் பார்த்ததில் ஸ்டிக்கர் எண்ணுக்கு உள்ளேதான் இருந்தான், ஓரமாக. குனிந்து பார்த்தால் பின் ஷாக் ஒன்றில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கிறது. பின் டயரில் கையை ஓட்டினால் மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. லட்சம் மைலுக்கு மேல் ஓடிய, தொழிற்சாலையில் மாட்டிய அதே ஷாக். 50,000 மைலுக்கு ஒரு தடவை மாத்தச் சொல்லி ஷாக் கம்பெனிகள் சொல்வது வியாபாரம் கலந்த அறிவுரைதான், நான் அப்படியே ஏற்கமாட்டேன். ஆனா அதற்கு இரண்டு மடங்கு ஓடி எண்ணெய் வழிந்த பிறகு வாதாட ஒன்றுமில்லை. அவன் வண்டி எந்த நல்ல ஷாக் மாட்டினாலும் பிரமாதமாக மாறும். 2,500 டாலர் செட்டை மாட்டியிருந்தாலும் மாறியிருக்கும், ரிசர்வாயர்தான் காப்பாற்றியது என்று காலம் முழுக்க நம்பியிருப்பான். அப்கிரேட் புகழுரைகளில் பாதி இப்படித்தான் பிறக்கின்றன என்பது என் கணிப்பு. செத்த ஷாக்கோடு புது ஷாக்கை ஒப்பிடுகிறோம்.

அப்புறம் எதை வாங்குவது? இந்த இடத்தில் வரலாறு உதவுகிறது. அவன் நிலத்துக்குப் போகும் ரோடு சுண்ணாம்புக் கல் கொட்டிய மண்ரோடு, சில மைல்கள் அலை அலையாக இருக்கும். அங்கே எண்ணெய் சூடேறும், ட்வின் ட்யூப் கொஞ்சம் திணறலாம். ஆனால் அரை மணி தொடர்ந்து 60 மைல் வேகத்தில் அதில் பறக்கப் போவதில்லை, ஆகவே ரிசர்வாயர் தீர்க்கும் பிரச்சினை அவனுக்கு இல்லை. மிச்சம் இரண்டு வழி. ஒன்று பில்ஸ்டீன் 5100 மாதிரியான சாதாரண மோனோட்யூப். அதன் பிஸ்டன் 46 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் பிஸ்டனோடு ஒப்பிட்டால் பரப்பு 1.7 மடங்கு, அதே தடுப்பு விசைக்கு உள்ளே குறைந்த அழுத்தம் போதும். மெதுவான அசைவிலேயே கெட்டியாகப் பிடிக்கும் வகை வால்வு என்பதால் சுமையோடு வளைவில் நன்றாக இருக்கும். காலியாக ஓட்டும்போது சின்னச் சின்ன மேடுகளை முதுகுக்குச் சொல்லும். இன்னொன்று ராஞ்சோ ஆர்எஸ்9000 மாதிரி திருகு வைத்தது. ஒன்பது நிலைகள், காலியாகப் போகும்போது இளக்கி, சுமை ஏற்றினால் முடுக்கலாம். அந்த 71 சதவீதக் கணக்குக்கு நேரான பதில் இதுதான், ஹார்ட்ஃபோர்டின் நட்டைப் போலவே. ஆனா ஒவ்வொரு தடவையும் குனிந்து திருகணும், பெரும்பாலானவர்கள் முதல் மாசத்துக்கு அப்புறம் செய்வதில்லை.

அவன் தன் சோம்பலைத் தெரிந்தவன், மோனோட்யூப் வாங்கினான், நாலும் சேர்த்து. கடைச் செட்டில் கால் பங்கு விலைகூட ஆகவில்லை, ஒரு சனிக்கிழமையில் தானே மாட்டினான். வண்டியைத் தூக்கிக் கட்டாமல் பழைய உயரத்திலேயே வைத்திருந்ததால் நீளம் பற்றிக் கவலை இல்லை. தூக்கிக் கட்டியிருந்தால் கம்பெனிப் பேரையெல்லாம் விட முக்கியம் அதுதான்: ஷாக் முழுசாக நீண்டால் எவ்வளவு, முழுசாக அமுங்கினால் எவ்வளவு. குட்டையான ஷாக் சக்கரம் தொங்கும்போது தானே கயிறாகித் தொங்கி அறுந்துபோகும், நெட்டையானது பள்ளத்தில் தரைதட்டி உடையும். மிச்சக் காசில் பின் டயர்கள்.

மாட்டும்போது அவனுக்கு ஒரு சந்தேகம் வந்து படம் அனுப்பினான். பின் ஷாக்குகளில் ஒன்று அச்சுக்கு முன்னாலும் இன்னொன்று அச்சுக்குப் பின்னாலும் சாய்ந்து நிற்கிறது, யாரோ தப்பாக மாட்டிவிட்டார்களா என்று. தப்பில்லை. பட்டை ஸ்பிரிங் வைத்த பிக்கப்பில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது பின் அச்சே பட்டைகளை முறுக்கிக்கொண்டு உருளப் பார்க்கும், விட்டால் திரும்பும், மறுபடி முறுக்கும், டயர் தடதடவென்று குதிக்கும். ஷாக்குகளை எதிரெதிராக வைத்தால், மேலும் கீழும் ஆடுவதோடு இந்த உருளலையும் ஓரளவு பிடிக்கும். பல அமெரிக்க பிக்கப்புகளில் பல பத்தாண்டுகளாக இப்படித்தான். 2009ல் ராம் 1500 பின்னால் பட்டையை விட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்கும் தனிக் கைகளுக்கும் போனது, 2021ல் ராப்டரும் போனது. அவற்றில் அச்சின் உருளலைக் கைகளே பிடித்துக்கொள்ளும், ஷாக்குக்கு அந்த வேலை மிச்சம்.